வடக்கிருந்தவனும் தலைக்கு ஊற்றப்பட்டவளும்

கருணைக்கொலை பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் இலக்கிய அன்பர்கள் கோப்பெருஞ்சோழனை அழைத்து வந்துவிடுகிறார்கள். சாவைத் தானே தேர்ந்துகொள்ளும் மாண்பு தமிழருக்குப் புதிதல்லவாம். சோழன் நோயாளி அல்லன். பெற்ற மக்களே போருக்கெழுந்த மானக்கேட்டால் வடக்கிருந்தவன். தவிர, அவன் அரசன். மனம் மாறி எழுந்திருந்தால் தடுக்க ஆளில்லை. புற்று முற்றி, ஒரு வாய்த் தண்ணீருக்கும் மருமகள் கையை எதிர்பார்த்துக் கிடக்கும் கிழவிக்கு அவனை முன்னோனாக்குவது நமக்கு ஏற்புடையதாக இல்லை.

அவளுக்கு முன்னோர் வேண்டுமென்றால் விருதுநகர், மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் தேடலாம். தலைக்கூத்தல் என்று அதற்குப் பெயர். படுக்கையில் விழுந்தவரை விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுவார்கள். பிறகு இளநீர், மேலும் மேலும் இளநீர். காய்ச்சல் கண்டு ஓரிரு நாளில் முடிந்துவிடும். உறவினர் வந்து முகம் பார்த்துப் போவார்கள். யாரும் அதைக் கொலை என்பதில்லை. எல்லாம் பாசத்தோடுதான் நடக்கும். குளிப்பாட்டப்படுகிறவரின் சம்மதம் மட்டும் அங்கே ஒரு பொருட்டே அல்ல.

யாருடைய முடிவு என்பதே நம் கேள்வி. 1973இல் மும்பையில் தாக்கப்பட்டு நினைவிழந்த செவிலியர் அருணா ஷான்பாக்கிற்காக எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் சென்றார். 2011இல் நீதிமன்றம் மறுத்தது. அவருக்காகப் பேசும் தகுதி, ஆண்டுக்கணக்கில் ஊட்டியும் துடைத்தும் பேணிய மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டென்றது. இருதரப்பும் அன்பின் பேரால்தான் பேசின. 2015இல் நிமோனியா கண்டு இறக்கும்வரை அருணாவின் விருப்பம் எவருக்கும் தெரியவில்லை.

அவ்வகையில் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பை வரவேற்கிறோம். நினைவிருக்கும்போதே, இன்ன நிலையில் எனக்குச் சிகிச்சை வேண்டாம் என எழுதிவைக்க அது வழிசெய்தது. 2023இல் நடைமுறையும் எளிதாக்கப்பட்டது. மருந்து கொடுத்து இறக்க உதவுவது இன்றும் குற்றம். அதையும் அனுமதிக்க வேண்டும் என்போரைக் கொள்கையளவில் நாம் எதிர்க்கவில்லை. ஆனால் வலி பொறுக்காமல் "கொன்றுவிடுங்கள்" என்று ஒருவர் கதறுவதை அவருடைய சுதந்திரமான தேர்வு என்று எழுதுகிறீர்களே, அந்த வலிக்கு முதலில் என்ன கொடுத்தீர்கள்?

அபினைச் சட்டப்படி பயிரிடும் நாடு இது. அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபினோ இங்குள்ள நோயாளிக்கு எட்டுவதில்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்கு அஞ்சி மருத்துவமனைகள் பல அதை வாங்கிவைப்பதையே விட்டன. 2014இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னும் அச்சம் முற்றாக விலகவில்லை. கோழிக்கோட்டில் 1993இல் சில மருத்துவர்கள் தொடங்கிய வலிதணிப்பு முயற்சி கேரளமெங்கும் பரவி, நோயாளியின் வீட்டுக்கே செல்கிறது. அண்டை மாநிலந்தான். கோப்பெருஞ்சோழனைத் தேடிப் புறநானூறு வரை போகிறவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் அவ்வளவு தொலைவா?