தாத்தாவும் ரெண்டு கதவு ஹெரால்டும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, பசுமலை வீட்டுல காலைலயே பஞ்சாயத்து கூடிருச்சு. பிராது என்னன்னா, எங்க தாத்தாவுக்கு 78 வயசுல ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேணுமாம். அதுவும் அவர் இளவட்டமா இருந்தப்ப வச்சிருந்த அதே ரெண்டு கதவு வண்டி.

"முட்டி வலின்னு மாடிப்படி ஏற மாட்டேங்கறீங்க, இதுல காரு கேக்குதாக்கும்?"னு அப்பா எகிறினார். நானும் அப்பா கட்சிதான். பொட்டி தட்டற பய இல்லையா, வண்டி விலை, பெயின்ட்டு, டயருன்னு எக்செல்ல கூட்டிக் காமிச்சேன். தாத்தா ஒண்ணும் பேசல. கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு பேப்பர் படிக்கப் போய்ட்டார்.

இப்ப நான் கட்சி மாறிட்டேன். ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

ஹெரால்டெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரான்னு சிரிக்காதீங்க மக்கா. அன்னிக்கு சந்தையில அம்பாசடர், பியட், ஹெரால்டு, இவ்வளவுதான் கார். மத்த ரெண்டும் குடும்பஸ்தன், இது மட்டும் மைனர். வடிவமைச்சது மிக்கலாட்டிங்கற இத்தாலிக்காரர். இங்கிலாந்துல 1959ல வந்துச்சு, சென்னையில ஸ்டாண்டர்டு கம்பெனி 1961ல இருந்து தயாரிச்சாங்க. இதே சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962ல டிரையம்ப் ஸ்பிட்பயர்ங்கற அசல் ஸ்போர்ட்ஸ் காரே வந்துச்சு. சோழவரம் ரேஸ்ல நம்ம ஆளுங்க ஹெரால்டை விரட்டியிருக்காங்க. இன்ஜின் என்னமோ 948 சிசிதான். பானெட்டு மட்டும் பக்கவாட்டுத் தகட்டோட சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்பக்கமா தொறக்கும். டயர் மேல உக்காந்துக்கிட்டே ரிப்பேர் பாக்கலாம்.

தாத்தா 1973ல செகண்ட் ஹேண்டா வாங்கினப்ப அவருக்கு 26 வயசு. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலைப்பாதையில ஏத்தி இறக்குவாராம். பின்னாடி ஸ்விங் ஆக்ஸில். வளைவுல வேகமாப் போய் பயந்து ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா, பின் சக்கரம் உள்பக்கமா மடங்கி வண்டி சுத்திரும். "வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் கொறச்சிரணும்டா, உள்ள போயிட்டு யோசிக்கக் கூடாது"ம்பார்.

1984ல அத்தை கல்யாணத்துக்குப் பணம் பத்தல. வண்டியை வித்தார். சாவியைக் குடுத்துட்டு டவுன் பஸ்ஸுல வீட்டுக்கு வந்தாராம். இதைப் பாட்டி சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்னிக்கு யாரும் அவர்கிட்ட "எதுக்கு விக்கறே?"ன்னு கேக்கல. இன்னிக்கு "எதுக்கு வாங்கறே?"ன்னு மட்டும் வீடே கேக்குது. நான் 25 வயசுல இஎம்ஐல புல்லட் எடுத்தப்ப ஆரத்தி காமிச்சு எலுமிச்சம்பழம் வச்ச அதே வீடுங்க!

நம்ம வீடுகள்ல வயசானவங்க மருந்து கேக்கலாம், கோயிலுக்குப் போகணும்னு கேக்கலாம். ஆசைன்னு ஒண்ணு கேட்டா மட்டும் கணக்கு கேப்போம். அது அநியாயம்.

கட்சி மாறின கையோட அவரைக் கூட்டிக்கிட்டு தேடக் கிளம்பினேன். மொத வண்டி திண்டுக்கல் பக்கம். பளபளன்னு செவப்பு பெயின்ட்டு. ஓனர் பெருமையா பானெட்டைத் தூக்கினார், உள்ள மாருதி இன்ஜின். தாத்தா "நல்லாருக்குங்க"ன்னுட்டு மெதுவா மூடிட்டார். ரெண்டாவது திருமங்கலம் தாண்டி ஒரு ஷெட்டுல. கீழ குனிஞ்சு சேஸிஸ்ல ஸ்க்ரூடிரைவரால குத்தினார், அப்பளமா நொறுங்குச்சு. எனக்கு செவப்பு பெயின்ட்டு புடிச்சிருந்துச்சு. நான் சர்ப்ரைஸா வாங்கிக் குடுத்திருந்தேன்னா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

உங்க வீட்லயும் யாராவது தேடினா ரெண்டு விஷயம். பானெட்டைத் தூக்கறதுக்கு முன்னாடி ஆர்.சி. புக்கைக் கேளுங்க. பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிச்சிருக்கணும். 2021 ஜூலையில வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜ்னு பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனா அப்படிப் பதிஞ்சா தினசரி ஓட்ட முடியாது. ஓட்டத்தான் வேணும்னா சாதாரணப் பதிவு உயிரோட இருக்கற வண்டியாப் பாருங்க. இன்னொண்ணு, ரெண்டு கதவான்னு பாத்துக்கங்க. 1968ல வந்த மார்க் 3க்கு நாலு கதவு.

அப்பா பயமும் தப்பில்ல. அந்தக் காலத்து பிரேக்கு, ஏர்பேக் கிடையாது. அதனால ஒப்பந்தம் போட்டிருக்கோம். பணத்துக்கு ஒரு வரம்பு, ரிங் ரோடு பக்கமே போகக் கூடாது, ஞாயித்துக்கிழமை காலைல மட்டும், பக்கத்து சீட்ல நான். தாத்தா மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கி லைசென்ஸை ஏற்கனவே புதுப்பிச்சு வச்சிருக்கார். கில்லாடி!

வண்டி இன்னும் கிடைக்கல. ஆனா ரெண்டு வருஷமா முட்டிக்கு எக்சர்சைஸ் பண்ணச் சொல்லி டாக்டர் கெஞ்சினப்ப அசையாத மனுஷன், இப்ப தினம் காலைல திண்ணையில உக்காந்து இடது காலை நீட்டி மடக்கிக்கிட்டு இருக்கார்.

"என்ன தாத்தா, திடீர்னு?"ன்னேன்.

"கிளட்ச்சு மிதிக்கணும்லடா"ன்னார்.