முதியோர் பராமரிப்பு: செலவு யார் தலையில்? செம்பரம்பாக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் உண்மை!

ஏரி நிரம்பினால் மட்டும் செய்தியில் அடிபடும் ஊர் செம்பரம்பாக்கம். ஆனால், அந்த ஊரிலும் சுற்றியுள்ள பூந்தமல்லி பகுதியிலும் வருஷம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு கவலை இருக்கிறது. வயதான அப்பா, அம்மாவை யார் பார்த்துக்கொள்வது? அதற்கான செலவை யார் ஏற்பது?

மகனுக்கு ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் ஷிப்ட் வேலை. மருமகளும் வேலைக்குப் போனால்தான் குடும்பம் ஓடும். இப்படிப்பட்ட வீட்டில் பெரியவர் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால் என்ன ஆகும்? ஒருவர் வேலையை விட வேண்டும். பெரும்பாலும் அது பெண்ணாகத்தான் இருக்கும்.

இந்தச் செலவை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று பல நாடுகள் மக்களிடம் கருத்துக் கேட்டு முடிவெடுத்திருக்கின்றன. நம்ம ஊரில் நிலைமை என்ன?

எவ்வளவு வேகமாக வயதாகிறது தமிழ்நாடு?

2011 மக்கள்தொகை கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2021-ல் இது 13.6 சதவீதம் என்றும், 2031-ல் 18.2 சதவீதமாக உயரும் என்றும் மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. அதாவது, கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் முதியவர். பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

இப்போ அரசு என்ன தருது?

முதியோர் ஓய்வூதியம்: தமிழ்நாட்டில் 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம் இது. 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 40 ரூபாய். இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை 200 ரூபாய், 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். அந்த 200 ரூபாய் 2007-லிருந்து மாறவே இல்லை. மீதியை மாநில அரசுதான் போடுகிறது.

ரேஷன்: முதியவர்களின் வீட்டுக்கே பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் ‘தாயுமானவர்’ திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது.

மருத்துவம்: 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தரும் மத்திய அரசுத் திட்டம் 2024 அக்டோபரில் வந்தது.

எல்லாமே தேவையான திட்டங்கள்தான். ஆனா, ஒன்னு கவனிச்சீங்களா? பணம் இருக்கு, அரிசி இருக்கு, மாத்திரை இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு. பக்கவாதம் வந்து டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பெரியவரைத் தினமும் தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட, சோறு ஊட்ட ஆள் எங்கே? அதற்கான பணம் எங்கே?

இதுதான் ‘பராமரிப்பு’. வீட்டுக்கு ஓர் உதவியாளரை வைத்தால், 1,200 ரூபாய் சில நாள் சம்பளத்துக்குக்கூட காணாது.

சட்டம் என்ன சொல்லுது?

2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கொடுக்க உத்தரவிட முடியும். ‘என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் 23-வது பிரிவின்படி ரத்து செய்யக் கேட்கலாம். மனை விலை ஏறிக்கொண்டே போகும் பூந்தமல்லி பக்கம், பிள்ளைகளுக்கு செட்டில்மென்ட் எழுதிக்கொடுக்கும் முன் பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவு இது.

இந்தச் சட்டத்தைத் திருத்த 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. 10,000 ரூபாய் உச்சவரம்பை நீக்குவது, மருமகன், மருமகளையும் பொறுப்பில் சேர்ப்பது, வீட்டுப் பராமரிப்பு சேவை நிறுவனங்களைப் பதிவு செய்வது எல்லாம் அதில் இருந்தன. நிலைக்குழுவுக்குப் போய் அறிக்கையும் வந்தது. ஆனால் நிறைவேறாமலேயே, 2024-ல் அந்த மக்களவையோடு காலாவதியானது.

சிக்கல் இதோடு முடியவில்லை. வசதி இருந்தும் கவனிக்காத பிள்ளைகளுக்குத்தான் இந்தச் சட்டம் பொருந்தும். கவனிக்க மனசு இருந்தும் வசதி இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

எல்லைக்கோடும் ஒரு பிரச்னை

அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. செம்பரம்பாக்கமோ சென்னை மாநகராட்சி எல்லைக்கு வெளியே, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் ஊர். ஒரே பஸ் ரூட்டில் போய்வரும் மக்கள்தான். ஆனால் உள்ளாட்சி மாறினால் பட்ஜெட்டும் வசதிகளும் மாறிவிடும்.

முதியோருக்கான பகல்நேர மையமான ‘அன்புச்சோலை’ திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2025-26 பட்ஜெட்டில் 25 மையங்கள் அறிவிக்கப்பட்டன. மாநிலத்தில் இருப்பதோ 38 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு ஒன்றுகூட வராது. பகலில் பெரியவரை விட்டுவிட்டு வேலைக்குப் போக ஓர் இடம் வேண்டும் என்றால், அது பக்கத்தில் இருந்தால்தான் பயன்.

மற்ற நாடுகள் எப்படிச் சமாளிக்கின்றன?

ஜப்பான்: 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். பாதிப் பணம் சந்தாவிலிருந்து, மீதிப் பாதி வரிப்பணத்திலிருந்து. சேவை பெறுபவர் பொதுவாகக் கட்டணத்தில் 10 சதவீதம் மட்டும் கட்டினால் போதும்.

சிங்கப்பூர்: 2020-ல் ‘கேர்ஷீல்டு லைஃப்’ திட்டம் வந்தது. 1980-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குக் கட்டாயம். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற ஆறு அன்றாட வேலைகளில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாமல் போனால், மாதாமாதம் பணம் வரும். தொடக்கத்தில் அது 600 சிங்கப்பூர் வெள்ளி.

இங்கிலாந்து: கருத்துக்கேட்பு 2009-ல் நடந்தது, நிபுணர் குழு அறிக்கை 2011-ல் வந்தது, சட்டம் 2014-ல் நிறைவேறியது. ஆனால் தனிநபர் செலவுக்கு உச்சவரம்பு வைக்கும் திட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, 2024 ஜூலையில் கைவிடப்பட்டது. காரணம், பணம். நிதி எங்கிருந்து வரும் என்று முடிவு செய்யாமல் கருத்து மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம்.

நமக்கு எது ஒத்துவரும்?

நிதி ஆயோக் 2024 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்புச் சீர்திருத்தம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டில் 78 சதவீத முதியோருக்கு எந்த ஓய்வூதியமும் இல்லை என்று அதுவே சொல்கிறது. கட்டாயச் சேமிப்பு, வீட்டை அடமானமாக வைத்து மாதாமாதம் பணம் பெறும் முறை, வரிச் சலுகை ஆகியவை அதன் பரிந்துரைகளில் சில.

மாதச் சம்பளமும் சொந்த வீடும் இருப்பவருக்கு இது உதவும். கட்டட வேலை, வீட்டு வேலை, செங்கல் சூளை என்று தினக்கூலியில் வாழ்ந்து, வாடகை வீட்டில் இருப்பவருக்கு? சேமிக்க வருமானமும் இல்லை, அடமானம் வைக்க வீடும் இல்லை. ஜப்பான் மாதிரி சந்தா கேட்டாலும் இவர்களால் தொடர்ந்து கட்ட முடியாது. அப்படியென்றால், இவர்களுக்கான பங்கு வரிப்பணத்திலிருந்துதான் வர வேண்டும். மத்திய அரசின் 200 ரூபாயை மாற்றாமல் இதைப் பேசுவதில் அர்த்தமில்லை.

மக்கள் எங்கே பேசலாம்?

மத்திய அரசு கொண்டுவரும் சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாட்கள் பொதுவெளியில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது 2014-ல் எடுக்கப்பட்ட கொள்கை முடிவு. திருத்த மசோதா மறுபடி வந்தால் இதைப் பயன்படுத்தலாம்.

ஊராட்சிகளில் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அக்டோபர் 1 சர்வதேச முதியோர் தினம். அதற்கு மறுநாளே கிராம சபை!

அங்கே கேட்க வேண்டிய கேள்விகள்:

- நம்ம ஊரில் படுக்கையில் இருக்கும் முதியோர் எத்தனை பேர்? கணக்கு எடுக்கப்பட்டதா?
- ஓய்வூதியம் கேட்டு மனு கொடுத்துக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்?
- பகல்நேர மையம் பக்கத்தில் எங்கே வரும், அதை நடத்த ஆண்டுதோறும் பணம் தருவது யார்?
- வேலையை விட்டு வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு உதவித்தொகை உண்டா?

முதியோருக்கு உதவியோ ஆலோசனையோ தேவைப்பட்டால், கட்டணமில்லா தேசிய உதவி எண் 14567-ஐ அழைக்கலாம்.