'இல்லை' என்று எழுதியது யார்?

செங்கல்பட்டில் என் வைத்தியசாலைக்குப் பதினைந்து வருஷமாக வருகிற குடும்பம் அது. பெரியவருக்கு மணிவிழா முடிந்த கையோடு, அப்பா அம்மாவை மொரீஷியஸ் தீவுக்கு அழைத்துப்போக மகன் ஏற்பாடு செய்திருந்தார். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் என்னிடம் வந்தார்.

"ஐயா, அங்கே ஹெலிகாப்டர்ல ஏத்தித் தீவைச் சுத்திக் காட்டுறாங்க. அம்மாகிட்ட இன்னும் சொல்லலை, சர்ப்ரைஸ்! வாந்தி வராம இருக்க ஏதாவது சூரணம் கொடுங்களேன்."

கொடுத்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம் சேர்ந்த பஞ்ச தீபாக்கினி சூரணம். தேனில் குழைத்துச் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டேன். யார் யார் ஏறப் போகிறார்கள், யாருக்கு என்ன உபாதை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குக் கூட்டம் என்று இப்போது சாக்குச் சொல்லலாம். ஆனால் படுக்கையில் புரண்டு படுத்தால் அந்த அம்மாவுக்கு உலகமே சுற்றும் என்று என் நோட்டிலேயே என் கையெழுத்தில் இருக்கிறது!

அப்புறம் நடந்ததை அந்த அம்மாவே வந்து சொன்னார். ஹெலிகாப்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியிருக்கிறது. "கீழே பாரும்மா" என்று மகன் சொல்ல, இவர் தலையைச் சட்டென்று திருப்ப... அவ்வளவுதான். மீதி நேரம் முழுக்கக் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாந்தி. ஓட்டல் அறையில் இரண்டு நாள் படுக்கை.

மொரீஷியஸின் தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் என்று ஒரு மலை. அதன் அருகே கடலுக்குள் பெரிய அருவி விழுவது போலத் தெரியும். உண்மையில் அருவி இல்லை. மணலும் வண்டலும் கடலடிச் சரிவில் இறங்குவது மேலிருந்து அப்படித் தோன்றுகிறது. வானிலிருந்துதான் அது சரியாகத் தெரியும். அதற்காகத்தான் அத்தனை செலவு. அந்த அம்மா அதைப் பார்க்கவே இல்லை.

"ஏறுவதற்கு முன்னால் உடம்பைப் பற்றி ஒன்றும் கேட்கலையா?" என்றேன். கேட்டிருக்கிறார்கள். தலைசுற்றல் உண்டா, இதயநோய் உண்டா என்று படிவம் கொடுத்திருக்கிறார்கள். சர்ப்ரைஸ் ஆயிற்றே! மகனே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதெல்லாம் வெளிநாடு போகிறவர்கள் பாடு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2025-ஆம் ஆண்டில் நம் கோவளம் பக்கமே ஹெலிகாப்டர் சவாரி நடந்தது. இன்னும் பல இடங்களில் வரத்தான் போகிறது. வரட்டும். கடற்கரைக் கோயிலையும் முட்டுக்காடு உப்பங்கழியையும் பறவையைப் போல மேலிருந்து பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? எனக்கும் உண்டு. ஹெலிகாப்டரில் ஏறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. படிவத்தை அவரவர் நிரப்ப வேண்டும், அதற்கு முன்னால் வைத்தியர் வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்கிறேன்.

நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றித் தெரியாதா? "பசங்க ஆசையா கூப்பிடுறாங்க, கெடுப்பானேன்" என்று முழங்கால் வலியை மறைப்பார்கள், மார்பு வலியையும் மறைப்பார்கள். வழியில் அடிக்கடி சிறுநீர் கழிக்க இறங்க வேண்டியிருக்கும் என்று காலையில் பி.பி. மாத்திரையை விட்டுவிடுகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். இவர்களிடம் போய் சர்ப்ரைஸ் என்றால்?

"மேலே போனால் பிராணவாயு குறையுமா டாக்டர்?" என்று பலர் கேட்கிறார்கள். கடலோரச் சவாரிகள் பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் அடி உயரத்தில்தான் நடக்கும். கொடைக்கானலே ஏழாயிரம் அடி! ஆகவே மூச்சைப் பற்றிப் பயம் வேண்டாம். கேதார்நாத் போன்ற மலைத் தலங்களின் கதை வேறு. அது பதினோராயிரம் அடிக்கு மேல்.

தொல்லை தருவது காதுதான். உடம்பின் சமநிலையைக் காக்கிற கருவி உட்காதில் இருக்கிறது. அது 'ஆடுகிறோம்' என்கிறது. செல்போன் திரையையே பார்க்கிற கண் 'ஆடவில்லை' என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் கிளம்புகிறது. போட்டோ எடுப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, தூரத்தில் கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பாருங்கள். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். இஞ்சி ஓரளவு உதவும், சூரணமும் உதவும். ஆனால் அந்த அம்மாவுக்கு இருந்தது வெறும் குமட்டல் அல்ல. உட்காதில் நுண்ணிய துகள்கள் இடம் மாறினால் வருகிற கிறுகிறுப்பாக இருக்கலாம். காது டாக்டர் தலையை ஒரு முறையில் சாய்த்துத் திருப்பியே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார். சித்த மருத்துவன் இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சத்தத்தையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். நாம் பேசுவது 60 டெசிபல் என்றால், ஹெலிகாப்டருக்குள் 90-ஐத் தாண்டும். கொடுக்கிற காதுக் கவசத்தைக் கழற்றவே கூடாது. சளி பிடித்திருந்தால் இறங்கும்போது காது அடைத்து வலிக்கும், சவாரியைத் தள்ளிப்போடுங்கள். விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால் கண் டாக்டர் அனுமதிக்கும்வரை ஏறவே கூடாது, பார்வையே போகலாம். தீவுக்குப் போகிற இளசுகள் காலையில் காற்று சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் மூழ்கிவிட்டு மதியம் பறக்கக் கிளம்புகிறார்கள். கூடாது. ஒரு முறை மூழ்கினாலே விமானம் ஏற 12 மணி நேரம் பொறுக்க வேண்டும், பல முறை என்றால் 18 மணி நேரம். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் வாங்க வேண்டாம்.

எடை கேட்டால் குறைத்துச் சொல்லாதீர்கள் (பெண்களை மட்டும் சொல்லவில்லை!). யார் எங்கே உட்காருவது என்பதே அந்தக் கணக்கில்தான். வானிலை சரியில்லை என்று பைலட் மறுத்தால் சண்டை போடாதீர்கள். 2025 ஏப்ரலில் நியூயார்க்கில் சுற்றிப் பார்க்க ஏறிய ஒரு குடும்பத்தின் ஐந்து பேரும் பைலட்டும் போனார்கள். அதே ஜூனில் கேதார்நாத்திலிருந்து திரும்பிய ஹெலிகாப்டரில் ஏழு பேர். ரத்தான சவாரிக்குப் பணம் திரும்ப வரும்.

போன வாரம் அந்த அம்மா மறுபடி வந்தார். மகன் மேல் கோபமில்லை. என் மேலும் இல்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "ஐயா, மகாபலிபுரம் லைட் ஹவுஸ்ல ஏறிப் பார்க்கலாமா? அங்கேருந்தும் கடல் நல்லாத் தெரியுமாமே?" என்றார்.

"முதல்ல காது டாக்டரைப் பாருங்கம்மா" என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். என் நோட்டையும் எடுத்து, விட்டுப்போன கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.