நூறு நாள் வேலையில் நடந்த தேர்தல் விவாதம்

சென்னையில இருந்து போன் பண்ற சொந்தக்காரங்களும் சரி, இங்க எழுதுறதப் படிச்சுட்டுக் கேட்கிறவங்களும் சரி, இப்ப ஒரே கேள்வியத்தான் கேட்கிறீங்க. "உங்க பக்கம் காத்து எந்தக் கட்சிக்கு அடிக்குது?" 2024 ஏப்ரல் 19-ம் தேதி ஓட்டு. காத்தப் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா எங்க ஊர்ல ரெண்டு இடத்துல ரெண்டு விதமா தேர்தல் பேச்சு நடக்குது, அதை மட்டும் சொல்ல முடியும்.

ஒண்ணு டீக்கடை. அங்க ஆம்பளைங்கதான். பேச்சு பூரா சாமியப் பத்தி. 2024 ஜனவரியில அயோத்தியில கோயில் திறந்ததுல ஆரம்பிச்சு, எந்த வேட்பாளர் நெத்தியில திருநீறு இருந்துச்சு, எவர் பூசினதை அழிச்சார், எவர் சர்ச்சுல போய் மண்டி போட்டார், எவர் நோன்புக் கஞ்சி குடிச்சார் வரைக்கும் வந்து நிக்கும். மதத்தச் சொல்லி ஓட்டுக் கேட்கக் கூடாதுன்னு 1951-லயே சட்டம் போட்டாச்சு. 2017-ல சுப்ரீம் கோர்ட்டுல ஏழு நீதிபதிங்க உட்கார்ந்து, வேட்பாளர் மதத்த மட்டுமில்ல, ஓட்டுப் போடுறவங்க மதத்தச் சொல்லிக் கேட்டாலும் தப்புன்னு தீர்ப்பு சொன்னாங்க. மூணு பேர் ஒத்துக்கல, நாலு பேர் சொன்னதுதான் நிக்குது. வேட்பாளர் கேட்கக் கூடாது, சரி. டீக்கடையில நாமளே பேசிக்கிட்டா யார் கேஸ் போடுறது?

இன்னொண்ணு ஏரி வேலை. நூறு நாள் வேலைதான். என்கிட்டயும் அட்டை இருக்கு. மல்லாட்டை புடுங்கி முடிச்ச கையோட போனேன். முப்பது நாப்பது பேர்ல ஆம்பளைங்க நாலஞ்சு பேர்தான். வேப்பமரத்தடியில கூழு குடிக்க உட்கார்ந்தப்ப பொம்பளைங்க பேசுனது வேற தேர்தல். ராத்திரியில சுகாதார நிலையத்துல நர்ஸம்மா இருக்காங்களா, பாம்புக்கடி ஊசி இருக்கா, காப்பீட்டு அட்டையில 5 லட்சம்னு போட்டிருக்கே, அப்புறம் ஏன் வெளியில ஸ்கேன் எடுத்துட்டு வரச் சொல்றாங்க. கட்சி பேர சொல்லாமலே ஒரு மணி நேரம் அரசியல் பேசுனாங்க.

அந்தப் பேச்சுலதான் போன வருஷம் எங்க தெருவுல ஒரு பொண்ணுக்கு நடந்தது வந்துச்சு. அடையாளம் வேண்டாம். ரெண்டு பிள்ளை இருக்கு, மூணாவது நின்னுடுச்சு. வேணாம்னு முடிவு பண்ணி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு. புருஷன் வந்து கையெழுத்துப் போடணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவன் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை. ரெண்டாவது தடவை போனப்ப, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் சேர்த்துப் பண்ணிக்கிட்டாத்தான்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள நாள் ஓடிப்போச்சு. கடைசியில ஒரு மெடிக்கல்ல சீட்டே இல்லாம மாத்திரை வாங்கிப் போட்டுக்கிச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தம் நிக்கல. 108 வந்து தூக்கிட்டுப் போய், ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்திப் பிழைச்சுது.

"அது பாவம்டி, கேட்டதே தப்பு"ன்னு ஒரு பெரியம்மா சொன்னாங்க. சர்ச்சுக்குப் போற அக்கா ஒருத்தங்களும் ஆமான்னாங்க. உடனே எதிர்ல இருந்த பொண்ணு, "பாவத்த நான் சாமிகிட்ட பேசிக்கிறேன் பெரியம்மா, ரத்தம் போறத யார்கிட்ட போய் பேசுறது?"ன்னு கேட்டுச்சு. சண்டைதான். ஆனா டீக்கடை சண்டை மாதிரி இல்ல. யாரும் யாரையும் எந்த மதம்னு கேட்கல.

பாவம்னு நினைக்கிறவங்கள நான் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரியும் அந்தக் கட்சிதான். ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கணும்ல? என் அக்கா பையன் அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்கான். அங்க 2022-ல சுப்ரீம் கோர்ட்டு பழைய தீர்ப்பை மாத்தினதுக்கு அப்புறம் அந்த மாநிலத்துல கருக்கலைப்புக்கு ஏறக்குறைய முழுத் தடை. 2024 நவம்பர் தேர்தலுக்கு ஒவ்வொரு வேட்பாளரையும் நிறுத்தி வச்சு இதைத்தான் கேட்டாங்களாம். நம்ம நாட்டுல 1971-லயே சட்டம் வந்தாச்சு. 2021-ல திருத்தி, சில காரணங்களுக்கு 24 வாரம் வரைக்கும்னு நீட்டினாங்க. கல்யாணம் ஆகாத பொண்ணுக்கும் அது பொருந்தும்னு 2022 செப்டம்பர்ல தீர்ப்பு. பதினெட்டு வயசு ஆன பொம்பளைக்கு அவ சம்மதம் போதும், புருஷன் கையெழுத்து சட்டத்துல எங்கயும் இல்ல. ஆபரேஷன் பண்ணிக்கோன்னு நிபந்தனை போடவும் இடமில்ல. அங்க சட்டத்துக்காக அடிச்சுக்கிறாங்க. இங்க சட்டம் அம்பது வருஷமா இருக்கு, அதைப் பத்திப் பேச வெட்கம். வேட்பாளருக்கும் வெட்கம், நமக்கும் வெட்கம். யாரும் கேட்காத ஒண்ணு எப்படிங்க கிராமத்து ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேரும்?

பிரசவத்துல இந்த மாநிலம் எவ்வளவோ செஞ்சிருக்கு, அதை மறைக்கக் கூடாது. எங்கம்மா என்னை வீட்டுலதான் பெத்தாங்க. இப்ப எங்க பக்கம் வீட்டுல பிரசவம்னா அதிசயம். அதெல்லாம் ஓட்டுக் கேட்க வர்றவங்கள நிறுத்தி நர்ஸு வேணும், வண்டி வேணும்னு கேட்டுக் கேட்டு வந்ததுதான். நெத்தியப் பார்த்து வந்ததில்ல. கருக்கலைப்புச் சட்டம் டெல்லியில போடுறது, இது டெல்லிக்கு ஆள் அனுப்புற தேர்தல். ஆஸ்பத்திரி மாநிலத்துதுன்னு தட்டிக் கழிக்கலாம், ஆனா சட்டம் நடக்குதான்னு பார்க்கிற வேலை எம்.பி.க்கு இல்லையா?

போன செவ்வாக்கிழமை ஒரு கட்சிக்காரங்க ஏரிக்கே வந்துட்டாங்க. கும்பாபிஷேகத்துக்கு எங்க ஆளு எவ்வளவு குடுத்தார் தெரியுமான்னு ஆரம்பிச்சாங்க. சண்டை போட்ட அதே பெரியம்மா எழுந்து, "அது இருக்கட்டும் தம்பி, பொம்பளைங்க தனியா ஆஸ்பத்திரிக்குப் போனா புருஷன கூட்டிட்டு வான்னு திருப்பி அனுப்புறாங்களே, அதுக்கு உங்க ஆளு என்ன சொல்றார்?"னு கேட்டாங்க. வந்தவங்கள்ல ஒருத்தர் சிரிச்சார். ஒருத்தர் நோட்டுல எழுதிக்கிட்டார். அடுத்த கட்சி நாளைக்கு வருதுன்னு சொல்றாங்க.