நிலவுக்கு நேரம் குறிக்கலாம், படப்பை மழைக்கு?

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு சந்திரயான்-3-ன் விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கும் என்று இஸ்ரோ முன்கூட்டியே அறிவித்தது, அப்படியே இறங்கியது. 2024 நவம்பர் இறுதியில், வங்கக் கடலின் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாகாது என்றது வானிலைத் துறை. மறுநாளே அது ஃபெஞ்சல் புயலானது. புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது. “நிலாவுக்கு ஆள் அனுப்பப் போறாங்களாம், நாளைக்கு மழையான்னு சொல்லத் தெரியல” என்று, சென்னைக்கு அருகே படப்பை வழியாக ஒரகடம் ஆலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்களில் கேலி பேசுவார்கள். ஒப்பீடே தப்பு.

விண்கலத்தை இழுப்பவை பூமி, நிலவு, சூரியன் போன்ற சில பொருள்கள்தான். அவற்றின் இடமும் எடையும் துல்லியமாகத் தெரியும். வழியில் காற்றில்லை. பாதை சற்றே பிசகினால் எஞ்சினைச் சில நொடிகள் இயக்கித் திருத்திக்கொள்ளலாம். (சந்திரயான்-2 தவறியதும் பயணத்தில் அல்ல, இறங்கும் கடைசி நிமிடங்களில்.)

மேகத்தைத் திருத்த யாராலும் முடியாது. 1961-ல் அமெரிக்க வானிலையாளர் எட்வர்ட் லோரன்ஸ் தன் கணினி மாதிரியில் 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று கொடுத்தார். வந்த வானிலை போகப்போக முற்றிலும் வேறாகிவிட்டது. வங்கக் கடலிலோ அந்த மூன்றாம் தசமத்துக்கே உத்தரவாதமில்லை. கடல் நடுவே அளவெடுக்கும் மிதவைகள் மிகக் குறைவு. 2025 மே மாதம் வந்த ‘பாரத் முன்கணிப்பு அமைப்பு’ நாட்டை 6 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. பெரிய முன்னேற்றம்தான், ஆனால் ஒரு மழைமேகம் அந்தக் கட்டத்தைவிடச் சிறிதாக இருக்கலாம்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பக்கத்து மீனம்பாக்கத்தில் 35. நுங்கம்பாக்கத்தில் 29 மட்டுமே. ‘சென்னையில் மிகக் கனமழை’ என்ற ஒரே வாக்கியம் இந்த நான்கு ஊர்களுக்கும் எப்படிப் பொருந்தும்? அன்று மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் இறங்கி, வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கின. படப்பை–ஒரகடம் தடத்து ஆலைகளில் உற்பத்தியே நின்றது.

ஆகவே ‘வருமா, வராதா’ என்று கேட்பதை விடுவோம். மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறத்தில் எச்சரிக்கை தந்தால் படப்பைக்காரருக்குப் போதாது. அடையாற்று நீர்ப்பிடிப்பில் 20 செ.மீ. தாண்ட எத்தனை சதவீத வாய்ப்பு என்பதை வானிலைத் துறை எண்ணாகவே சொல்லட்டும். எத்தனை சதவீதமானால் இரவு ஷிப்ட் ரத்து என்பதை ஆலைகளும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே எழுதி, நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும்.