பளியர் மௌனம்

ஒற்றுமையைப் பற்றி ஓயாது பிரசங்கம் செய்யும் நம்மவர், பழனி மலைகளில் வாழும் பளியரைச் சற்றுக் கவனிப்பது நலம். 1962 முதல் பளியரிடையே தங்கி ஆராய்ந்த அமெரிக்கப் பண்டிதர் பீட்டர் கார்ட்னர் கண்டது இது: ஒருவரையொருவர் அவமதியாமையே அவர்கள் தர்மம், போட்டியை வெறுப்பர், ஆணையிடும் தலைவன் இல்லை, பிணக்கு நேரின் கைகலவாமல் விலகிச் செல்வர். அக்கிராசனப் பதவிக்காகச் சபைகளைப் பிளக்கும் நாமோ இவர்களை அநாகரிகர் என்கிறோம்!

ஆயின் உரக்கப் பேசுவோனுக்கே கச்சேரியில் செவி சாய்ப்பர் என்பதை வக்கீல் தொழிலில் இருக்கும் நாம் அறிவோம். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், உரிமைக் கோரிக்கைகளை முதலில் விசாரிக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே அளித்தது. அச்சபையில் பளியர் வாதாடாமல் எழுந்து போனால், அதைச் சம்மதமென்று எழுதிக்கொள்வது அநீதி. சபை அவர்கள் குடியிருப்பிலேயே, அவர்கள் முறைப்படி, அவசரமின்றிக் கூடட்டும். நம் தொண்டர்கள் மலையேறிச் சென்று அதற்கு வழி செய்யட்டும்.