எழுதாமல் விட்ட சான்று

பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கட்டுரைக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை இதுதான்: முதலில் முடிவு, பிறகு அதற்கேற்ற சான்று. எதிர்த்தரப்புக்கு ஒரே ஒரு பத்தி. அதுவும் அடித்து வீழ்த்தத்தான்.

கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பித்த பிபிஎஸ்எம்ஐ திட்டம் மீண்டும் வரக்கூடாது என்று எழுதினேன். 2003இல் அது தொடங்கியபோது நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. பக்கத்து மேசை நண்பன் மொழி புரியாமல் கணக்கையே வெறுத்தான். அவனை எழுதினேன். அதே ஆங்கிலக் கலைச்சொற்கள்தாம் பின்னாளில் பொறியியல் வகுப்பில் என்னைக் காப்பாற்றின. என்னை எழுதவில்லை. எழுதினா வாதம் பலவீனமாயிடும்னு பயம். ‘ஏ’ கிடைத்தது.

ஆய்வகத்தில் பொருந்தாத அளவீட்டை மறைச்சா மோசடி. கட்டுரையில மறைச்சா மட்டும் வாதத்திறமையா? திட்டமிடும் முதல் நாளே தேடவேண்டியது நம்மைத் தோற்கடிக்கும் சான்றைத்தான். (நம் கருத்தரங்குகளில் அப்படித் தேடிய கட்டுரை ஒன்றைக் காட்டுங்களேன்!)